நம் தெருவில் தொடங்கும் ஆய்வு

(பேசின் பிரிட்ஜ் வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்காக நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீங்கள் ‘ப்ராஜெக்ட்’ என்கிறீர்களே, அதுதான். இளங்கலையின் கடைசிப் பருவத்தில் ஒன்று, முதுகலையில் ஒன்று எழுதுகிறீர்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி, வைவாவில் நின்று நாலு கேள்விக்குப் பதில் சொன்னதோடு மறந்துவிடுகிறீர்கள். அது துறை அலமாரியில் சில ஆண்டுகள் கிடக்கும். பிறகு இடம் போதவில்லை என்று எடைக்குப் போகும். பொருளாதாரத் துறையில் பணியாற்றிய காலமெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எடைக்குப் போன தாள்களில் சிலவற்றில் வேறெங்கும் எழுதப்படாத செய்திகள் இருந்தன. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவர் அதே தெருவுக்குப் போக வேண்டும். அதே கேள்வியை அதே முறையில் கேட்டு, நீங்கள் சொன்னது சரிதானா என்று பார்க்க அவரால் முடிய வேண்டும். இருபது வருடம் கழித்து வருகிறவருக்கும் அது முடிய வேண்டும். முடிந்தால், இளங்கலை மாணவர் எழுதிய நாற்பது பக்கமும் ஆய்வுதான். முடியாவிட்டால், முந்நூறு பக்க முனைவர் பட்ட ஆய்வேடு கூட ஆய்வாகாது.

தலைப்பிலிருந்து தொடங்குவோம். ‘வடசென்னை மக்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு.’ இந்தத் தலைப்பில் எத்தனை கட்டுரைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன! ராயபுரத்து மீனவர், எண்ணூர் மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போனவர், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஊழியர், சௌகார்பேட்டை வணிகர் எல்லோரும் வடசென்னை மக்கள்தான். இவர்களில் யாருடைய நிலை? வினாத்தாளைப் புரட்டினால் இன்னும் தெளிவாகும்: ‘உங்களுக்குச் சொந்தமான நிலம் எத்தனை ஏக்கர்? நஞ்சையா, புஞ்சையா?’ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? எங்கோ ஒரு கிராமத்துக்காக யாரோ தயாரித்த வினாத்தாள் டி.டி.பி. கடைக் கணினியில் கிடந்திருக்கிறது. ஊர்ப்பெயர் மட்டும் மாறி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை மாணவர் யாரிடமும் கேட்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. கேட்டிருந்தால், முதல் வீட்டுத் திண்ணையிலேயே அதை அடித்திருப்பார்.

இதற்குச் சோம்பல் காரணம் இல்லை. ‘எங்க ஏரியாவுல ஆராய்ச்சி பண்ண என்ன சார் இருக்கு?’ என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் நல்ல உழைப்பாளிகள். விடியற்காலையில் பால் பாக்கெட்டும் பேப்பரும் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவர்கள். தங்கள் தெரு ஒரு பாடப்பொருள் ஆகும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

பேசின் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சென்ட்ரலுக்கு முன்னால் வண்டி நின்றுவிடுகிற இடம். ‘அவுட்டர்ல போட்டுட்டான்’ என்று எழுந்து, மேலே இருக்கிற பெட்டிகளை இறக்கத் தொடங்குவார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே வாழ்கிறவர்கள். பாலத்தின் மேல் நின்று ஒரு சுற்றுப் பாருங்கள். கீழே பக்கிங்ஹாம் கால்வாய். பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1801இல் வெட்டத் தொடங்கி, 1806க்குள் எண்ணூர் வரை கொண்டுபோன கால்வாய். சென்னைக்கு விறகும் உப்பும் படகில் வந்த வழி அது. 1877-78 பெரும் பஞ்சத்தில் பசியோடு நகருக்கு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இதே கால்வாயால் இணைத்தார்கள். அதன் பிறகுதான் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் இதற்கு வந்தது. பக்கத்தில் ரயில் பெட்டிகளைக் கழுவி, பழுதுபார்த்து அனுப்புகிற யார்டு. இன்னொரு பக்கம் 1996இல் உற்பத்தி தொடங்கிய எரிவாயுச் சுழலி மின் நிலையம்: நான்கு சுழலிகள், மொத்தம் 120 மெகாவாட். அதற்கு முன்பே, வெள்ளைக்காரர் காலத்திலிருந்து, இந்தப் பகுதியில் நிலக்கரி எரித்து நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அப்பால் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையம். மேற்கே புளியந்தோப்பு, வியாசர்பாடி. அதையும் தாண்டினால் பின்னி ஆலைகள் இருந்த பெரம்பூர்.

யார்டில் பெட்டி கழுவுகிறவர் கையில் படுகிற திரவம் எது, அவருக்குக் கையுறை உண்டா? கால்வாய்க் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில் எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை விட்டது? நிலக்கரி நிலையம் ஓடிய காலத்தில் மொட்டை மாடியில் துணி உலர்த்தியவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது? ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை.

ஒரு கட்டுரை உருவான விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவி. வீட்டில் முதல் பட்டதாரி. ‘பின்னி ஆலை மூடலின் தாக்கம்’ என்று தலைப்பு எழுதிக்கொண்டு வந்தார். பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கியவை. 1920இல் இரண்டும் ஒன்றாயின. பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் காக்கி கொடுத்த ஆலை. ஆயிரக்கணக்கான வீடுகள் அந்த ஆலைச் சங்கின் நேரத்துக்கு எழுந்து, அந்த நேரத்துக்கே உலை வைத்த வட்டாரம் இது. 1996இல் ஆலை முடிவாக மூடப்பட்டது.

“யார் மேல தாக்கம்மா? எந்தத் தெருவுல? எந்த வருஷத்துல?” என்று கேட்டேன். சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். தன் பாட்டி வாழ்ந்த தெருவை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மில் சம்பளம் நின்ற வீடுகளில், நின்ற பிறகு யார் என்ன வேலைக்குப் போனார்கள் என்பது ஒன்றே கேள்வி. “இவ்ளோ சின்னதா எடுத்தா பக்கம் வருமா சார்?” என்று அவருக்குக் கவலை. வரும் என்றேன். வினாத்தாளின் முதல் கேள்வியாக, சும்மா பேச்சைத் தொடங்குவதற்காக, ‘ஆலை எந்த ஆண்டு மூடப்பட்டது?’ என்று போட்டிருந்தார். விடை தெரிந்த கேள்வி, சிரமம் இருக்காது என்று நினைத்திருந்தார்.

அந்தக் கேள்விதான் அவரைத் திணற வைத்தது. ஆளுக்கு ஒரு வருடம் சொன்னார்கள். ஒரே வீட்டில் கணவர் ஒன்று சொன்னார், மனைவி வேறொன்று சொன்னார். “எது கரெக்டுன்னு போடறது சார்? எல்லாத்துக்கும் 96ன்னே போட்டுடவா?” என்று கேட்டார். வேண்டாம், சொன்னதைச் சொன்னபடியே எழுது, அந்த வருடம் எப்படி நினைவிருக்கிறது என்று மட்டும் திரும்பப் போய்க் கேள் என்றேன்.

திரும்பப் போனார். இந்த முறை வருடத்தைக் கேட்காமல், பெரிய நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டார். எம்.ஜி.ஆர். மறைவு, 1987. ராஜீவ் காந்தி கொலை, 1991. சென்னையைப் புயல் தாக்கியது, 1994. ஜூன் மாதத்தில் ஊரே மிதந்த மழை, 1996. அவற்றுக்கு நடுவே அந்தந்த வீட்டு நிகழ்ச்சிகளையும் அவர்களைக் கேட்டே நிரப்பினார். மூத்த மகளுக்குக் காது குத்தியது எப்போது, மாமியார் இறந்தது எப்போது, வீட்டுக்குக் கரண்ட் வந்தது எப்போது? பிறகு, “இதுல எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடி?” என்று கேட்டார். குடும்ப வரலாறு கேட்கும் களப்பணியாளர்கள் உலகெங்கும் கையாளும் முறை அது. அவர் அதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. தேவை வந்தபோது அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஒரு பாட்டியம்மா சொன்னதை அப்படியே எழுதி வந்திருந்தார்: “மில்லு எங்கம்மா ஒரே நாள்ல மூடிச்சி? எங்க வூட்டுக்காரருக்கு சம்பளம் நின்ன மாசமே எங்களுக்கு மூடிப்போச்சி. கேட்டு பூட்டுனது அப்புறம்.” இந்த வாக்கியத்தோடு கட்டுரையின் பாதி வேலை முடிந்தது என்பேன். ஒரு வீட்டுக்கு ஆலை மூடியது சம்பளம் தள்ளித்தள்ளி வரத் தொடங்கியபோது. இன்னொரு வீட்டுக்குக் கேட்டைப் பூட்டியபோது. மூன்றாவது வீட்டுக்கு செட்டில்மென்ட் பணம் வந்து, அதுவும் கரைந்தபோது. அவரவர் சொன்ன வருடம் அவரவருக்குச் சரி. மறதி என்று ஒதுக்கியிருந்தால், அல்லது எல்லாக் கட்டத்திலும் 1996 என்று நிரப்பியிருந்தால், அட்டவணை அழகாக இருந்திருக்கும், கண்டுபிடிப்பு காணாமல் போயிருக்கும். விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகிற இடத்தில் மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள். அங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

எழுதும்போது இன்னொரு சிக்கல் வந்தது. முதல் வரைவில் ‘பொருளாதார நெருக்கடி காரணமாக இக்குடும்பங்கள் கடன் பெற்றன’ என்று ஒரு வரி. களக்குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் தண்டல் இருந்தது, மீட்டர் வட்டி இருந்தது, சீட்டு எடுத்தது இருந்தது, அடகுக் கடை இருந்தது, சொந்தத் தம்பியிடம் கைமாற்று வாங்கியது இருந்தது. தண்டலுக்கு அன்றாடம் கட்ட வேண்டும். அன்றாடம் காசு புரளும் வேலையில் இருப்பவரால்தான் அது முடியும். மாதச் சம்பளக்காரராக இருந்தவர் தண்டல் வாங்கத் தொடங்கிவிட்டார் என்றால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் இட்லிக் கடையோ பழ வண்டியோ போட்டுவிட்டார் என்று பொருள். இவை எல்லாவற்றையும் ‘கடன்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால், ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்ற வழியே மறைந்துவிடும். தெருவில் வழங்கும் சொல்லைக் கட்டுரையில் போட்டால் மதிப்பெண் குறையும் என்று பயப்படாதீர்கள். அந்தச் சொல்லை விளக்கி ஒரு வரி சேருங்கள், போதும்.

இனி நூறாண்டு பின்னால் போகிறேன்.

1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன், தொழிலாளர் படிப்பதற்கென்று ஆக்ஸ்போர்டில் இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர் அவர். இந்தியக் கிராமம் எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அவர் எளிய வழி ஒன்றைப் பிடித்தார். மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சொந்த ஊரை விசாரித்து எழுதி வரச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டில் தூசி, தென் ஆர்க்காட்டில் இருவேல்பட்டு என்று மாணவர்கள் எழுதி வந்த கட்டுரைகளே 1918இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக, தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலாக வெளிவந்தன. கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட்தான் அது.

அந்த நூல் அதோடு நிற்கவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறுபடி ஆராய வைத்தார்கள். 1940இல் அது நூலானது. 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் ஜோன் மென்சரும் 1980களின் தொடக்கத்தில் இருவேல்பட்டுக்குப் போய் எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மறுபடியும் அங்கே போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி என்னவாயிற்று, சாதியின் பிடி எங்கே தளர்ந்தது, எங்கே தளரவில்லை என்பதை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கும் தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிற ஊர்கள் இந்தியாவில் மிகச் சில. இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற அந்த ஊருக்கு அந்தப் பேறு கிடைத்ததற்குக் காரணம், 1916இல் லீவுக்குப் போன ஒரு மாணவர் கேட்டதைக் கேட்டபடி எழுதியதும், எதை எப்படிக் கேட்டார் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்ததும்தான்.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1916இல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆனாலும் சேரிக்குள் போய் உட்கார்ந்து கேட்க அவர்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்? இன்று இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள், அன்று எண்ணிக்கையாக மட்டும் எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். கேட்கும் இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். இதைவிடப் பெரிய மாற்றம் தமிழ்நாட்டுக் கல்வியில் நடந்ததாக நான் கருதவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு டி.டி.பி. கடைக் கோப்பில் பெயரை மட்டும் மாற்றினால், அது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

அடுத்து, ஆவணங்களைப் பற்றி. இங்கிருந்து எழும்பூர் தொலைவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். முதல் நாள் ஒன்றும் கிடைக்காமல் திரும்ப நேரிடலாம். அட்டவணையைப் பார்த்து எண் எடுக்கப் பழகவே நேரம் பிடிக்கும். கன்னிமாரா நூலகம் நடந்து போகிற தூரம். பழைய செய்தித்தாள்களை அங்கே தேடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெட்டிக் கடைகளில் விற்ற சிறு பிரசுரங்களைக் கூடச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதியின் வரலாற்றை அப்படித் தேடி எழுதியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் தே. வீரராகவன். சென்னை ஐ.ஐ.டி.யில் மானுடவியல், சமூக அறிவியல் துறையில் பணியாற்றியவர்; பார்வையற்றவர். 1918 முதல் 1939 வரையிலான சென்னைத் தொழிலாளர் இயக்கம் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 2009இல் அவர் மறைந்தார். 2013இல் அந்த ஆய்வு லெஃப்ட்வேர்டு பதிப்பகத்தின் ஆங்கில நூலாக வந்தது. சென்னை நகரின் உழைப்பாளிகளைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. கோப்புகளையும் நாளிதழ்களையும் பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் அவர் அந்த ஆய்வைச் செய்தார். கேட்கும்போதே எது தேவை, எது தேவையில்லை, முன்பு கேட்டதோடு எது மோதுகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். இன்று நாம் கைபேசியில் நூறு பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். படம் பிடித்தது படித்ததாகாது. அன்றைக்கு எடுத்த பக்கங்களில் என்ன இருந்தது என்று அன்றிரவே நாலு வரி உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். அந்த நாலு வரிதான் பின்னால் கட்டுரை ஆகும்.

ஆவணம் யாருடைய குரல் என்று கேட்கவும் பழகுங்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணையாக நின்ற சங்கம் அது. பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது அன்றைய தொழிலாளிகளின் பெரிய குறைகளில் ஒன்று. 1921இல் பின்னி ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். தெருக்களில் மோதல், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. புளியந்தோப்புக் கலவரம் என்று அது பெயர் பெற்றது. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை அரசுக் கோப்பு ஒரு விதமாகச் சொல்லும். சங்கத் தலைவர்கள் ஒரு விதமாகச் சொன்னார்கள். எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று வேறு விதமாகச் சொன்னார். போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலிருந்து வந்த தாள் கெட்டியாக, தேதி போட்டு, வரிசை எண்ணோடு இருக்கும். அதனால் அதுவே உண்மை என்று தோன்றும். அந்தத் தாளில் புளியந்தோப்பைப் பற்றி எழுதியிருக்கும், புளியந்தோப்பு பேசியிருக்காது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த ஒன்று சரி என்று முடிவு செய்ய முடியாவிட்டால், முடியவில்லை என்றே எழுதுங்கள். திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லா நூலகத்திலும் கிடைக்கும். அதில் தொழிலாளர் இயக்கப் பகுதியை எடுத்து, அதே ஆண்டுச் செய்தித்தாளோடு வைத்துப் பார்ப்பதே ஒரு பருவத்துக்குப் போதுமான வேலை.

காப்பியடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. எண்கள் சரி. ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டால், பெரும்பாலான மென்பொருள்களுக்கு அது கண்ணில் படாது. ஆகவே இங்கே காவல் மென்பொருள் இல்லை, நாம்தான். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடுகிற ‘சர்வதேச’ இதழ்களின் பக்கமும் போகாதீர்கள். கேள்வி கொடுத்தால் கணினியே கட்டுரை எழுதித் தருகிற காலம் வந்துவிட்டது. உங்கள் பாட்டிக்கு எந்த மாதம் சம்பளம் நின்றது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மாணவியின் கட்டுரைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் முக்கியமான பகுதி வைவா முடிந்த பிறகு நடந்தது. கட்டுரையைத் தெருவுக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வீட்டு வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து படித்திருக்கிறார். கேட்டவர்கள் சில இடங்களைத் திருத்தினார்கள். ஒரு பெரியவர், தான் மூன்றாவது ஷிப்டு அல்ல, இரண்டாவது என்று இடைமறித்துச் சொன்னாராம். கடைசியில் ஒரு அம்மா கேட்டார்: “அவ்ளோ நேரம் பேசினோமே, எங்க பேரு எங்கம்மா? வெறும் நம்பரு போட்ருக்கே?”

ஆய்வு நெறிப்படி பெயரை மறைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தகவல் தந்தவருக்குத் தீங்கு வரக்கூடாது என்பது நல்ல விதி. கடன், வழக்கு, சாதி பற்றிய பேச்சில் அது கட்டாயம். ஆனால் காலமெல்லாம் டோக்கன் எண்ணாகவே ஆலைக்குள் போய் வந்த மனிதரைக் கட்டுரையிலும் எண்ணாகவே வைப்பது என்ன மரியாதை? அந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் விடை இல்லை. மாணவி மறுபடி வீடு வீடாகப் போனார். பெயர் வர வேண்டும் என்று விரும்பியவர்களிடம், எந்தப் பகுதியில் வரலாம், எதில் வரக்கூடாது என்று கேட்டார். வேலை பார்த்த பிரிவு, சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு இவற்றோடு அவர்கள் பெயர்களைப் பின்னிணைப்பாகத் தட்டச்சு செய்து, துறைப் பிரதியில் சேர்த்தார். கடனையும் குடும்பச் சண்டையையும் பற்றிய பகுதிகள் பெயரில்லாமலே இருந்தன. ஒருவர் மட்டும் எதிலும் பெயர் வேண்டாம் என்றார், வரவில்லை. இப்போது எந்த மாணவர் ஆய்வுக்குப் போனாலும், பேசத் தொடங்கும் முன்பே இதைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் கல்லூரியிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தச் சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் இந்த வட்டாரத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் நல்ல கட்டுரைகளை மூன்று பிரதி எடுத்து பைண்டு செய்யுங்கள். ஒன்று கல்லூரி நூலகத்தில், எடைக்குப் போகாத அலமாரியில் இருக்கட்டும். ஒன்று வெளியே ஓர் ஆய்வு நூலகத்துக்குப் போகட்டும். மூன்றாவது அந்தத் தெருவின் படிப்பகத்துக்கோ மன்றத்துக்கோ போகட்டும். ஸ்கேன் செய்து வைப்பதும் இன்று பெரிய செலவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் புதிய மாணவர் ஒருவர் போகட்டும். இருவேல்பட்டுக்குக் கிடைத்தது புளியந்தோப்புக்கும் கிடைக்கட்டும்.

மாணவர்களுக்கு: கட்டுரையின் முதல் பக்கத்தில் நன்றியுரைக்கு முன்னால், எந்தத் தெரு, எந்த மாதம், எந்த நேரத்தில் போனீர்கள், யார் பேச மறுத்தார்கள், யார் பகலில் வீட்டில் இல்லாததால் விடுபட்டார்கள் என்று எழுதுங்கள். வினாத்தாளை அடித்தல் திருத்தலோடு அப்படியே பின்னால் இணையுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். நடுப்பகுதி எழுதி முடிக்கும் வரை என்ன சொல்லப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது கேள்வி நேரம். எழுந்து பேசுகிறவர்கள் பெயருக்கும் துறைக்கும் பிறகு, இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளப் போகிற தெருவின் பெயரையும் சொல்லுங்கள். நான் குறித்துக்கொள்கிறேன்.